அம்மாட கிளெய்மைத் தள்ளிப்போட்டாங்கள், இந்த விதியெல்லாம் ஆரைக் கேட்டு எழுதுறது?

திருக்கடலூர் எஞ்சின் கடை
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசிச்சுப்போட்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

நான் திருகோணமலை, திருக்கடலூரில வள்ளத்து எஞ்சின் திருத்துற கடை வைச்சிருக்கிறன். மாசச் சம்பளம் இல்ல, ஈபிஎப் இல்ல, அக்ரஹார காப்புறுதி கவுன்மேந்து உத்தியோகத்தருக்குத்தானே, எங்களைப் போல ஆக்களுக்கு அதுவும் இல்ல. அதால மூண்டு வருசத்துக்கு முன்னம் ஒரு ஏஜென்ட் வீட்ட வந்து கதைக்கக்குள்ள அம்மாவையும் சேர்த்து ஒரு ஆஸ்பத்திரிக் காப்புறுதி எடுத்தனான். வாடைக்காத்து நேரம் வள்ளமெல்லாம் கரையில கிடக்க கடையில ஒரு வேலையும் இல்லாத மாசத்திலயும் கட்டுக்காசை நான் ஒருநாளும் பிந்தவிடேல்ல.

இந்த மாசி மாசம் ஒருநாள் விடியப்புறம் அம்மாக்கு நெஞ்சு நோ. திருமலைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினம். அண்டைக்கு டியூட்டியில நிண்ட டொக்டரும் நேர்ஸ்மாரும் ஆளைக் காப்பாத்தித் தந்தவை, ஒரு சதம் கேட்கேல்ல, அதை முதல்ல சொல்லிப்போட்டுத்தான் மற்றதைச் சொல்லோணும். பிறகு அஞ்சியோகிராம் செய்யோணும் எண்டு வெளி மாவட்டத்துக்கு எழுதித் தந்தாங்க. திகதி பிந்திப்போகும் எண்ட பயத்தில நாங்களாத்தான் கொழும்புக்குக் கொண்டு போய் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில செய்விச்சம், காப்புறுதி இருக்குத்தானே எண்ட தைரியம். எல்லாமா அஞ்சரை லட்சம் முடிஞ்சுது. அக்கா சங்கிலியை அடகு வைச்சா, நான் கடையில திருத்தி விக்க வைச்சிருந்த ரெண்டு எஞ்சினைக் குடுத்தன், மிச்சம் கைமாத்து.

ஒண்டரை மாசத்தால இங்கிலீசில ஒரு கடிதம் வருது. அம்மாக்கு பொலிசி எடுக்க ரெண்டு வருசத்துக்கு முன்னமே பிறெஷர் இருந்ததாம், கிளினிக் கொப்பியில எழுதி இருக்காம், அதைப் படிவத்தில சொல்லேல்லயாம், அதால ஒரு சதமும் தர ஏலாதாம். படிவத்தை நிரப்பினது ஏஜென்ட். பெரிய வருத்தம் ஏதும் இருக்கோ அம்மா எண்டு கேட்டவர், இல்லத் தம்பி எண்டு அம்மா சொன்னவ. காலமையில ஒரு குளிசை போடுறதை எங்கட ஆக்கள் ஆர் பெரிய வருத்தம் எண்டு சொல்லுறது? சாம்பல்தீவில இருந்து நிலாவெளி மட்டும் போய்க் கேட்டுப்பாருங்கோ, அறுபது தாண்டின அம்மாமார் எத்தினை பேர் அந்தக் குளிசை போடேல்ல எண்டு.

என்ட அத்தான் அமெரிக்காவில இருக்கிறார், போனில இதைச் சொல்ல அவர் சொன்னார், மச்சான் இங்க இந்தக் கொம்பனிக்காரர் அரசாங்கத்தோட கதைக்கிறதுக்கெண்டே கோடிக்கணக்கில செலவழிச்சு ஆள் வைச்சிருக்கினம், லொபி எண்டு சொல்லுறது, சட்டம் எழுதேக்குள்ளயே கிட்ட நிப்பினம் எண்டு. அதைக் கேட்டதில இருந்து எனக்கு நித்திரை இல்ல. ஏற்கெனவே இருந்த நோய் எண்டால் எது, எத்தினை வருசம் பின்னுக்குப் போய்த் தோண்டலாம், இதையெல்லாம் இஞ்ச ஆர் தீர்மானிக்கிறது? கொம்பனியோ, அரசாங்கமோ, இல்லாட்டி ரெண்டு பேரும் இருந்து கதைச்சோ? எங்கட நாட்டிலயும் அப்பிடி லொபி நடக்குதோ, நடந்தா எங்களுக்குத் தெரியவருமோ? இன்னொரு பயமும் இருக்கு. எல்லாரையும் காப்புறுதிக்குள்ள கொண்டு போனா அரசாங்கத்துக்குச் செலவு குறையும் எண்டு ஆராவது அங்க போய் ஓதினா, எங்கட இலவச ஆஸ்பத்திரிக்கு என்ன நடக்கும்?


உவர்மலை ரீச்சர்
ஞாயிறு, இரவு 10.15

தம்பி, அம்மா இப்ப சுகமா இருக்கிறாவோ? அதுதான் முதல் கேள்வி.

கடிதம் வந்ததோட கதை முடிஞ்சுது எண்டு நினைக்காதீங்கோ. கொம்பனிக்கு எழுத்தில மேன்முறையீடு குடுங்கோ, அவை மறுத்தால் காப்புறுதி ஒம்பூட்ஸ்மன் எண்டு முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒருவர் கொழும்பில இருக்கிறார், அங்க முறைப்பாடு செய்ய காசு எடுக்கிறதில்லை. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம், அது 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ வந்தது. தமிழிலயே எழுதுங்கோ, தமிழ் அரசகரும மொழி, பதிலும் தமிழில வேணும் எண்டு கடைசி வரியில போடுங்கோ. நான் பென்சன் அலுவலா எழுதின கடிதம் எல்லாம் அப்பிடித்தான் முடிச்சனான். உங்கட பெரிய கேள்விக்கு விசயம் தெரிஞ்ச ஆக்கள் வந்து சொல்லட்டும்.


நியூஜெர்சி அத்தான்
திங்கள், காலை 6.20

நான்தான் மேல சொல்லப்பட்ட அத்தான். மச்சான் லிங்க் அனுப்பினவர், இஞ்ச இரவு, பிள்ளையள் படுத்திட்டினம், இருந்து எழுதுறன்.

லொபி எண்டவுடன எங்கட ஆக்களுக்கு மனசில வாறது மேசைக்குக் கீழால காசு குடுக்கிறது. அது இல்ல மச்சான், எல்லாம் வெளியில சட்டப்படி நடக்கிறது, எனக்கு அதுதான் கூடப் பயம். இஞ்ச 1995ல ஒரு சட்டம் வந்தது, லொபி செய்யிறவை பேரைப் பதிஞ்சு, எந்த விசயத்தைப் பற்றி ஆரோட கதைச்சவை, எவ்வளவு செலவு எண்டு அறிக்கை குடுக்கோணும், 2007ல அதைத் திருத்தி மூண்டு மாசத்துக்கு ஒருக்கா எண்டு ஆக்கினவை. நீ திருக்கடலூரில இருந்துகொண்டே போனில தட்டிப் பார்க்கலாம்.

அவை செய்யிறது என்னெண்டா, காங்கிரஸ் உறுப்பினரிட ஒபிஸில சட்டம் எழுதுறது இருபத்தெட்டு முப்பது வயசுப் பெடியள்தான், ஒரு கிழமையில பத்து விசயம் தலையில, அவனுக்கு காப்புறுதிக் கணக்கு விளங்காது, அந்த நேரம் கொம்பனிச் சங்கத்து ஆள் கோட்டு சூட்டோட வந்து, இந்தாரும் கணக்கு, இந்தாரும் வசனம், இப்பிடி எழுதினா பிரச்சினை வராது எண்டு தயாரா நீட்டுறான். நோயாளியிட பக்கத்தில இருந்து அப்பிடி ஒரு தாளோட போறதுக்கு ஆள் குறைவு. நோயாளி வார்ட்டில கிடக்கிறார், அவரிட பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறான்.

1993ல கிளின்டன் எல்லாருக்கும் வைத்தியம் எண்டு ஒரு திட்டம் கொண்டு வந்தார், அவற்ற மனிசி ஹிலரிதான் அதுக்குப் பொறுப்பு. காப்புறுதிக் கொம்பனிகளிட சங்கம் ரீவியில விளம்பரம் போட்டது, ஹரி லூயிஸ் எண்டு ஒரு புருசன் பெண்சாதி, குசினி மேசையில பில்லுகளைப் பரப்பி வைச்சுக்கொண்டு, அரசாங்கம் சொல்லுற திட்டத்தைத்தான் நாங்கள் எடுக்கோணுமாம் எண்டு கவலைப்படுகினம். பார்க்கிற சனத்துக்கு அது தங்கட வீட்டுக் குசினி மாதிரி இருக்கும். 1994 செப்டெம்பரோட திட்டம் செத்துப்போச்சு. அந்த விளம்பரம் மட்டும்தான் காரணம் எண்டு நான் சொல்லமாட்டன், ஆனா அதைக் கண்ட பிறகு எல்லா அரசியல்வாதிக்கும் பயம் பிடிச்சுது.

அடுத்தது ஒபாமா காலம், 2009. இந்த முறை கொம்பனிகளிட சங்கம், ஏ.எச்.ஐ.பி எண்டு பேர், நாங்கள் எதிரி இல்ல, கூட நிண்டு வேலை செய்வம் எண்டு முன்னுக்கு வந்து சொன்னது. ஏற்கெனவே வருத்தம் உள்ளவையையும் சேர்க்கிறம், ஆனா எல்லாரும் கட்டாயம் காப்புறுதி வாங்கோணும் எண்டு சட்டம் போடுங்கோ எண்டு கேட்டது. அதே வருசம் பின்பக்கத்தால அமெரிக்க வர்த்தக சம்மேளனத்துக்கு 8 கோடியே 62 லட்சம் டொலர் குடுத்தது, அந்தச் சம்மேளனம் அதே சட்டத்துக்கு எதிரா விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தது. இது அடுத்த வருசம்தான் பத்திரிகையில வெளியில வந்தது. யோசிச்சுப் பார், அறிக்கை குடுக்கச் சட்டம் இருக்கிற நாட்டிலயே ஒரு வருசம் பிந்தித்தான் சனத்துக்குத் தெரிஞ்சுது.

அரசாங்கமே ஒரு காப்புறுதி நடத்தி கொம்பனிகளோட போட்டி போடுற பிளான் ஒண்டு இருந்தது, கீழ்ச்சபை 2009 நவம்பரில அதோட சேர்த்து நிறைவேத்தினது, டிசெம்பரில செனட்டில அதைக் கழட்டி விட்டாச்சு. செனட் நிதிக்குழுவில அந்தச் சட்டத்தை எழுதினதில முக்கியமான ஒரு ஆள், அதுக்குச் சரியா முன்னம் வெல்பொயின்ட் எண்ட பெரிய காப்புறுதிக் கொம்பனியில உப தலைவர் பதவியில இருந்தவ. சட்டவிரோதம் ஒண்டும் இல்ல. கதவு ரெண்டு பக்கமும் திறந்து கிடக்கு, அவ்வளவுதான்.

ஆனா கொம்பனி கேட்டதெல்லாம் நடந்தது எண்டும் இல்ல. 2010 மார்ச்சில ஒபாமா கையெழுத்து வைச்ச அந்தச் சட்டத்தால, 2014 தையில இருந்து ஏற்கெனவே வருத்தம் இருக்கு எண்டு சொல்லி ஆரையும் தள்ளேலாது. கட்டுக்காசு 100 டொலர் வாங்கினா தனிநபர் பொலிசியில 80, பெரிய கொம்பனி ஊழியருக்கான பொலிசியில 85 டொலராவது வைத்தியத்துக்குப் போகோணும், போகாட்டி மிச்சத்தைத் திருப்பிக் குடுக்கோணும். உன்ர அம்மாட கடிதம் மாதிரி ஒண்டை இஞ்ச இப்ப அந்தக் காரணத்தைச் சொல்லி எழுதேலாது மச்சான். அது வந்தது சனம் கூட்டத்துக்கெல்லாம் போய் தங்கட வீட்டுக் கதையைச் சொன்னதால. வென்டல் பொட்டர் எண்டு சிக்னா கொம்பனியில பத்திரிகைத் தொடர்புக்குப் பொறுப்பா இருந்தவர் ஒருவர், 2007ல வேர்ஜினியாவில ஒரு இலவச மருத்துவ முகாமுக்குப் போயிருக்கிறார், சந்தைத் திடலில மிருகங்களைக் கட்டுற கொட்டிலுக்குள்ள சனத்துக்கு வைத்தியம் நடக்குது, அதைப் பார்த்த பிறகு அந்த வேலையில இருக்க மனசு வரேல்ல. 2009 ஜூனில செனட் குழுவுக்கு முன்னால போய் இருந்து உள்ளுக்க நடக்கிறதெல்லாம் சொன்னார். அப்பிடி ஒரு ஆள் உள்ளேயிருந்து வெளியில வாறது லட்சத்தில ஒண்டு.


கிண்ணியா பாலம்
திங்கள், பகல் 1.05

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் முப்பது வருசத்துக்கு மேல கவுன்மேந்து ஆஸ்பத்திரி மருந்தகத்தில வேலை செஞ்சி ரிட்டயர் ஆனவன். தம்பிட கடைசி ரெண்டு கேள்விக்கும் நான் சொல்றன்.

நம்மட நாட்டில லொபி நடக்குதா என்டு கேட்டா, நடந்த கதையே இரிக்கி, காப்புறுதியில இல்ல, மருந்தில. சேனக பிபிலே என்டு பேராதனையில மருந்தியல் பேராசிரியர். ஒரே மருந்தை இருபது பேரில இருபது விலையில வாங்கிற ஏழை நாடு உருப்படாது என்டு சொன்ன மனிசன். 1971ல அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் வந்த நேரம் அதுக்கு முதல் தலைவர் அவர்தான். தனியார் இறக்குமதி செஞ்ச 2100 வகை மருந்துப் பட்டியலை 600 வகைக்குக் கொண்டு வந்தாங்க, கொம்பனிப் பேரை விட்டுட்டு மருந்திட பேரில டெண்டர் போட்டாங்க, விலை இறங்கிச்சு.

கொம்பனிகள் சும்மா இருந்தாங்களா? அமெரிக்க மருந்து உற்பத்தியாளர் சங்கத்தில இருந்து 1973ல பிரதமர் சிறிமாவோ அம்மாக்கே நேரா கடிதம் வந்தது. 1974ல கொலரா நேரம், கூட்டுத்தாபனம் மலிவா எடுத்துக் குடுத்த மூலப்பொருளில டெட்ராசைக்ளின் மருந்து செஞ்சி தா என்டு கேட்டதுக்கு ஃபைசர் கொம்பனி மாட்டன் என்டது, அரசாங்கம் அந்தத் தொழிற்சாலையை எடுக்கப் பார்த்த நேரம் அமெரிக்கத் தூதுவர் நேரடியா பிரதமரோட கதைச்சார், அதோட அந்தக் கதை நிண்டு போச்சு. நோயில கிடக்கிற சனம் ஒரு பக்கம், தூதுவர் ஒரு பக்கம். 77ல ஆட்சி மாறிச்சு, அதே வருசம் பிபிலே கயானா நாட்டில வேலையா போன இடத்தில மௌத்தாகிட்டார். அவர் கேட்ட மாதிரி தேசிய மருந்து அதிகாரசபைச் சட்டம் 2015ல, 5ஆம் இலக்கமா வந்தது, 2016 ஒக்டோபரில 48 மருந்துக்கு உச்ச விலை போட்டாங்க. 71க்கும் 2015க்கும் இடையில எத்தினை வருசம் என்டு எண்ணிப் பாருங்க. என்ட வேலைக்காலம் முழுக்க அதுக்குள்ளதான் போச்சு, மருந்து வாங்கக் காசில்லாம டொக்டர் எழுதின மருந்துத் துண்டை மடிச்சி மடியில வெச்சிட்டுப் போன உம்மாமாரை கண்ணால கண்டவன் நான்.

இலவச ஆஸ்பத்திரிக்கு என்ன நடக்கும் என்டு கேட்டீங்க. நான் பொடியனா இருந்த காலம், 71ல, ஓபிடிக்கு, அதாவது வெளிநோயாளர் பிரிவுக்கு, 25 சதம் கட்டணும் என்டு கொண்டு வந்தாங்க. 25 சதம்தானே என்டு இப்ப நினைப்போம். எங்கட வாப்பா தோணி வலிச்சவர், அந்த 25 சதத்துக்காக ஒரு நாள் காய்ச்சலைப் பொறுத்துக்கிட்டுப் படுத்தவர். சனம் வாறது குறைஞ்சி போச்சு, 77ல எடுத்திட்டாங்க. அதனால ஆராவது வந்து, கொஞ்சக் காசுதானே, காப்புறுதி கட்டுமே என்டு சொன்னா எனக்கு வாப்பாட முகம்தான் வரும்.

காப்புறுதி கூடாது என்டு நான் சொல்லல்ல. ஆனா மூதூர், கிண்ணியா, கந்தளாய், குச்சவெளி ஆஸ்பத்திரிகளில ஆளும் மெசினும் குறைஞ்சி போனா அந்தக் குறைதான் காப்புறுதிக்கு வியாபாரம். தம்பி கொழும்புக்கு ஓடினதும் அதாலதானே. அஞ்சியோகிராம் திருமலையிலயே நாலு நாளில கிடைச்சிருந்தா இந்த அஞ்சரை லட்சமும் இல்ல, அந்தக் கடிதமும் இல்ல.


திருக்கடலூர் எஞ்சின் கடை
திங்கள், மாலை 5.50

கிண்ணியாக் காக்கா, உங்கட வாப்பாட கதையை அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன், கண் கலங்கிப்போட்டா. அம்மா இப்ப பரவாயில்ல ரீச்சர், நடக்கிறா, உப்பைக் குறைக்கச் சொன்னதுதான் பெரிய சண்டை.

அத்தான் சொன்னதில ஒண்டு மனசில குத்துது, அங்க போனில தட்டினா ஆர் எவ்வளவு செலவழிச்சது எண்டு பார்க்கலாமாம். இஞ்ச ஆரைத் தட்டுறது?


பாலையூற்று பழைய ஏஜென்ட்
திங்கள், இரவு 8.30

நான் பதினொரு வருசம் காப்புறுதி ஏஜென்டா இருந்து விட்டவன். கொம்பனிப் பேர் வேண்டாம்.

முதல்ல ஒரு மன்னிப்பு, எஞ்சின் கடைத் தம்பியிட்ட இல்லாட்டியும் அவரைப்போல நான் படிவம் நிரப்பிக் குடுத்த ஆக்களிட்ட. இங்கிலீசுப் படிவம், பின்னேரம் அஞ்சு வீடு போகோணும், மாச முடிவில இலக்குக் காட்டோணும், பெரிய வருத்தம் இருக்கோ எண்டு ஒரே மூச்சில கேட்டுப்போட்டு எல்லாத்துக்கும் இல்லை இல்லை எண்டு கோடு போட்டு கையெழுத்து வாங்கினனான். அந்தக் கோடுதான் பிறகு கழுத்தை அறுக்கும் எண்டு எனக்கு மூண்டாவது வருசம்தான் விளங்கினது, ஒரு சீவல்தொழிலாளியிட குடும்பத்துக்கு வந்த கடிதத்தைப் பார்த்து. அந்த மனிசி என்ட முகத்தைப் பார்த்து ஒண்டும் சொல்லேல்ல. அதுக்குப் பிறகு நான் கிளினிக் கொப்பியை வாங்கிப் பார்க்காம ஒரு படிவமும் நிரப்பேல்ல, இலக்கு குறைஞ்சுது, கடைசியா விட்டிட்டன்.

தம்பி, மேன்முறையீட்டில படிவத்தை நிரப்பினது ஏஜென்ட், கையெழுத்து மட்டும்தான் அம்மாட, கேள்வியைத் தமிழில ஆரும் வாசிச்சுக் காட்டேல்ல எண்டு தெளிவா எழுதுங்கோ. அம்மாட நெஞ்சு நோவுக்கும் அந்தப் பிறெஷருக்கும் என்ன தொடர்பு எண்டு கொம்பனி எப்பிடி முடிவெடுத்தது, எந்த டொக்டர் சொன்னது எண்டு கேளுங்கோ. படிவத்தின்ட பிரதி கேளுங்கோ, அதை முதல்ல கையில எடுக்கோணும்.

இப்ப உங்கட கேள்வி. காப்புறுதிக் கொம்பனிகளுக்கு ஒரு சங்கம் இருக்கு, இலங்கைக் காப்புறுதிச் சங்கம். ஒரு தொழிலுக்குச் சங்கம் இருக்கிறது பிழை இல்ல, மீனவர் சங்கம் இல்லையே? வரவுசெலவுத் திட்டத்துக்கு முன்னம் நிதி அமைச்சு முன்மொழிவு கேட்டு விளம்பரம் போடும், வர்த்தக சம்மேளனங்கள், தொழில் சங்கங்கள் எல்லாம் கணக்கோட, ஆய்வோட எழுதிக் குடுப்பினம். 2020ல இருந்து 2022 முடியும் மட்டும் மருத்துவக் காப்புறுதிக்குக் கட்டின காசுக்கும் வருமான வரியில கழிவு இருந்தது, மற்றச் செலவுகளோட சேர்த்து வருசத்துக்கு 12 லட்சம் வரை. 2023 தையில இருந்து அது இல்ல. அது நல்லதோ கெட்டதோ எண்டதை விடுங்கோ. வரி கட்டுற அளவுக்குச் சம்பளம் எடுக்கிறவனுக்குத்தான் அந்தக் கழிவு, வள்ளக்காரனுக்கு அதில ஒரு சதமும் இல்ல. அது வரமுன்னமும் போகமுன்னமும் ஆர் ஆர் அமைச்சில போய்க் கதைச்சவை எண்டு பார்க்க எங்களிட்ட ஒரு பதிவேடும் இல்ல. அமெரிக்காவில இருக்கிற மாதிரி லொபி செய்யிறவை பதிஞ்சு கணக்குக் காட்டோணும் எண்ட சட்டம் எங்கட நாட்டில இல்ல, என்னைக் கேட்டா பெரிய குறை அதுதான்.

ஆனா கையில ஒரு சாமான் இருக்கு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம். அமைச்சு, ஆணைக்குழு, கவுன்மேந்து ஆஸ்பத்திரி எல்லாத்திட்டயும் கேட்கலாம், ஏன் கேட்கிறன் எண்டு காரணம் சொல்லத் தேவை இல்ல. 14 வேலை நாளுக்குள்ள தகவல் அதிகாரி தாறதோ இல்லையோ எண்டு முடிவு சொல்லோணும். சொல்லாட்டி மேன்முறையீடு, அதுக்கு மேல தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. அமைச்சரவை இன்னும் முடிவெடுக்காத பத்திரத்தைத் தரமாட்டினம், வியாபார இரகசியம் எண்டும் சிலதை மறைப்பினம். ஆனா எந்தெந்தச் சங்கம், கொம்பனி எந்தத் திகதி சந்திச்சது, எழுத்தில என்ன குடுத்தது எண்டு கேட்கிறதில ஒரு பிழையும் இல்ல.


சென்னையில ஒரு திருமலைக்காரி
செவ்வாய், காலை 7.45

அன்புவழிபுரத்தில பிறந்து 90ல பத்து வயசில இங்க வந்தவ நான், இப்ப என் தமிழே கலந்து போச்சு, மன்னிச்சுக்கோங்க.

இந்தியாவில நடந்த ஒரு விஷயம் சொல்றேன், ஏன்னா இதுவரைக்கும் எல்லாரும் கம்பெனிக்காரன் போய் கேக்குறதைப் பத்திதான் எழுதியிருக்கீங்க. இங்க ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதாவது சரக்கு சேவை வரி, இருந்துச்சு. நோய் வந்துடுமோன்னு பயந்து கட்டுற காசுக்கு வரியான்னு ஜனங்க புலம்பாத நாள் இல்ல. நாக்பூர்ல எல்ஐசிங்கிற அரசு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தோட ஊழியர் சங்கம் ஒண்ணு, அந்த ஊர் எம்பியா இருக்கிற மத்திய அமைச்சர் நிதின் கட்கரிக்கு ஒரு மனு குடுத்தாங்க. அவரு அதை அப்படியே வெச்சு 2024 ஜூலையில நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுக்கு லெட்டர் எழுதினாரு, வாழ்க்கையோட நிச்சயமில்லாத்தன்மைக்கே வரி போடுற மாதிரி இருக்குன்னு சங்கம் சொன்னதை எடுத்துச் சொல்லி. அந்த லெட்டர் வெளிய வந்ததும் பார்லிமெண்ட் வாசல்ல எதிர்க்கட்சி எம்பிங்க நின்னாங்க, 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம். கம்பெனிங்களுக்கும் அது வேணும்தான், பாலிசி நல்லா விக்குமே. ஆனா வரி இல்லேன்னா தாங்க வாங்குற சேவைக்குக் கட்டின வரியைக் கழிச்சுக்கவும் முடியாது, அதுக்காக அவங்க தனியா போய் பேசிக்கிட்டுதான் இருந்தாங்க. பாதையைத் திறந்தது ஊழியர் சங்கத்தோட ஒரு மனு.

அம்மாவோட விஷயத்துக்கு நேரா ஒத்துப்போற இன்னொண்ணு. இங்க ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அதிகபட்சம் நாலு வருஷம் காத்திருக்கணும்னு இருந்ததை, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரல்ல மூணு வருஷமா குறைச்சுது. அஞ்சு வருஷம் தொடர்ந்து பிரீமியம் கட்டிட்டா, அப்புறம் மோசடின்னு நிரூபிச்சா ஒழிய, நீ அன்னைக்குச் சொல்லலேன்னு காரணம் காட்டி கிளெய்மை தள்ள முடியாது, முன்ன அது எட்டு வருஷமா இருந்துச்சு. இது பார்லிமெண்ட்ல நாள்கணக்கா விவாதம் பண்ணி வந்த சட்டம் இல்லீங்க, ஆணையம் போட்ட விதி. அந்த மாதிரி விதியோட வரைவு வெளியிட்டு கருத்து கேக்குற நேரத்துல யார் எழுதுறாங்களோ அவங்க குரல்தான் அதுக்குள்ள போகும். இலங்கை ஆணைக்குழுவுக்கு நீங்க எழுதும்போது இந்தக் கணக்கை எடுத்துக்காட்டா வைங்க, பக்கத்து நாட்டுல முடியும்போது இங்க ஏன் முடியாதுன்னு.


நியூஜெர்சி அத்தான்
செவ்வாய், காலை 8.10

தங்கச்சி சொன்னது முக்கியம். மச்சான், அம்மாட பேரில தனியா ஒரு முறைப்பாடு, விதியை மாத்தச் சொல்லி வேறயா ஒரு கடிதம், ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதை. முதலாவது தோத்தாலும் ரெண்டாவது நிக்கோணும்.


திருக்கடலூர் எஞ்சின் கடை
புதன், இரவு 9.15

ரெண்டு நாளா கடையைப் பின்னேரம் வெள்ளனப் பூட்டிப்போட்டு இருந்து எழுதினன். ரீச்சர் உவர்மலையில தன்ட வீட்ட வரச்சொல்லி எழுத்துப்பிழை பார்த்துத் தந்தவ, தேத்தண்ணியும் தந்தவ. பாலையூற்று அண்ணை போனில வந்து நேற்று ஒரு மணித்தியாலம் கதைச்சவர்.

கொம்பனிக்கு மேன்முறையீடு, படிவத்தின்ட பிரதி கேட்டு. அது ஒண்டு. மற்றது தகவல் கேட்டு காப்புறுதி ஆணைக்குழுவுக்கும் சுகாதார அமைச்சுக்கும் ஒவ்வொண்டு. மருத்துவக் காப்புறுதியில ஏற்கெனவே இருந்த நோய் எண்டதுக்கு ஆணைக்குழு ஏதாவது வரைவிலக்கணம் குடுத்திருக்கோ, குடுத்திருந்தா அதுக்கு முன்னம் ஆரிட்டக் கருத்துக் கேட்டது, கடைசி அஞ்சு வருசத்தில மருத்துவக் காப்புறுதி சம்பந்தமா எந்தெந்தக் கொம்பனி, சங்கம் எழுத்தில என்ன குடுத்தது, நோயாளர் பக்கத்தில இருந்து ஒரு ஆளையாவது கூப்பிட்டுக் கேட்டதோ. அமைச்சுக்கு இன்னொரு கேள்வி சேர்த்தனான், காக்காக்காக. திருகோணமலை மாவட்டத்தில இருந்து அஞ்சியோகிராமுக்கு வெளி மாவட்டத்துக்கு அனுப்பின ஆக்கள் எத்தினை பேர், ஒருவர் எத்தினை நாள் காத்திருந்தவர் எண்டு.

விதியை மாத்தச் சொல்லுற கடிதம் இன்னும் முடியேல்ல. அதில சென்னை அக்கா சொன்ன மூண்டு வருசம், அஞ்சு வருசக் கணக்கைப் போட்டிருக்கிறன், ஏஜென்ட் படிவம் நிரப்பினா கேள்வி எல்லாத்தையும் வாடிக்கையாளரிட மொழியில வாசிச்சுக் காட்டி அதுக்கு வேறயா கையெழுத்து வாங்கோணும் எண்டும் எழுதியிருக்கிறன். எங்கட கடற்றொழிலாளர் சங்கத்துச் செயலாளரிட்டக் காட்டினன். இதை நீ தனிய அனுப்பாத, சங்கத்து லெட்டர்ஹெட்டில ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில வைச்சு எல்லாரும் கையெழுத்துப் போடுவம் எண்டிட்டார். தன்ட மனிசிக்கும் சீனி வருத்தம் இருக்காம், அவவிட படிவத்தில என்ன கோடு போட்டிருக்கோ தெரியேல்லயாம்.

பதிவுத்தபால் மூண்டும் காலமை அனுப்பியாச்சு, துண்டு பத்திரமா இருக்கு. 14 வேலை நாள் எண்டால் இடையில போயா, அதுதான் பூரணை, லீவும் வருது, எண்ணிப் பார்த்து நாட்காட்டியில வட்டம் போட்டு வைச்சிருக்கிறன்.


கிண்ணியா பாலம்
புதன், இரவு 10.00

தம்பி, கூட்டம் எத்தினை மணிக்கி? எங்கட பக்கத்து மீனவர் சங்கத் தலைவரையும் கூட்டிக்கிட்டு வாறன், அவங்கட லெட்டர்ஹெட்டிலயும் ஒண்டு போகட்டும். வாற நேரம் கடிதத்தில பத்து பிரதி எடுத்து வைங்க, காசு நான் தாறன். உம்மாவை உப்பு விசயத்தில சொல்றதைக் கேட்கச் சொல்லுங்க.